தம்பதியர் சேர்ந்து நோற்கும் நோன்பு

உடல் இளைக்கவும் சர்க்கரை குறையவும் இன்று பலர் நாளொன்றுக்கு 16 மணி நேரம் உண்ணாதிருந்து, மீதி 8 மணி நேரத்துக்குள் உணவை முடித்துக்கொள்கிறார்கள். கணவனும் மனைவியுமாகத் தொடங்குவோரும் உண்டு. உடல்நலம் பேணுவது நல்லதே. ஆனால் அதில் நிய்யத்தும் இல்லை, ஸஹரும் இல்லை. இடையில் தண்ணீரும் அருந்துவார்கள். ஆகவே அது நோன்பாகாது. சேர்ந்து தொடங்க விரும்பும் தம்பதியருக்கு மார்க்கம் வேறு வழி காட்டியிருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் திங்களும் வியாழனும் நோன்பு நோற்று வந்தார்கள். மாதந்தோறும் பிறை 13, 14, 15-ல் நோற்கவும் ஏவியிருக்கிறார்கள்.

எதிலிருந்து தொடங்குவது? மனைவியின் கழாவிலிருந்து என்போம். மாதவிடாயாலும் பிரசவத்தாலும் ரமலானில் விடுபட்டவற்றைப் பெண்கள் பின்னர் நிறைவேற்றியாக வேண்டும். மற்றவர்களுக்கு மூன்று வேளையும் ஆக்கிப்போட்டுவிட்டு, தனியே ஸஹருக்கு எழுந்து, தனியே நோன்பு திறக்கிறாள் அவள். அதனாலேயே நாள் தள்ளிப்போய், அடுத்த ரமலானும் நெருங்கிவிடுகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே தம் கழாவை ஷஃபானில்தான் நிறைவேற்ற முடிந்தது என்று கூறியதாக புகாரி, முஸ்லிமில் காண்கிறோம். மனைவி கழா நோற்கும் திங்களிலும் வியாழனிலும் கணவர் சுன்னத்தான நோன்பு நோற்றால், அவள் பாரம் பாதியாகும்.

இதில் கவனிக்க வேண்டிய மஸ்அலாக்கள் உண்டு. கழாவுக்கு பஜ்ருக்கு முன்பே நிய்யத் வேண்டும். நபிலுக்கு, பஜ்ருக்குப் பின் எதுவும் உண்ணாதிருந்தால், நண்பகலுக்கு முன் நிய்யத் செய்தாலும் போதும். கணவர் ஊரிலிருக்கையில் மனைவி நபில் நோற்க அவர் சம்மதம் வேண்டும் என்பது ஹதீஸ்.

அதே வேளையில் கணவருக்கும் பாடம் உண்டு. அபூதர்தா (ரலி) அவர்கள் ஓயாத வணக்கத்தில் மனைவியை மறந்திருந்ததைக் கண்ட ஸல்மான் (ரலி) அவர்கள், அவரை நபில் நோன்பை விட்டு உண்ணச் செய்தார்கள். குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு என்று உணர்த்தினார்கள். ஸல்மான் சொன்னதே உண்மை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியில் இருக்கிறது.

நம் சத்தியமங்கலம் பகுதியில் நோன்பின் நேரம் ஏறத்தாழ 13 முதல் 14 மணி நேரமே. மல்லிகை பறிக்க விடியுமுன் எழும் குடும்பங்களுக்கு ஸஹருக்கு எழுவது புதிதல்ல. ஆயினும் வெயிலில் உழைக்கும் பெண்ணுக்கு அன்று வீட்டு வேலையும் சேர்ந்தால் தாங்காது. கணவர் தண்ணீர் எடுத்து வைக்கட்டும், பாத்திரம் கழுவட்டும். ஸஹருக்குக் கேழ்வரகுக் களியோ கம்பங்கூழோ போதும். பேரீத்தம்பழமோ தண்ணீரோ கொண்டு தாமதமின்றி நோன்பு திறக்கலாம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்போரும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஒருவருக்கு இயலாத நாளில் மற்றவர் வற்புறுத்தவும் கூடாது.

வாரம் ஒரு நாளாவது இவ்வாறு தொடங்குவோம். நம் இல்லங்களில் வணக்கமும் பரிவும் ஒன்றாக வளர வல்ல நாயன் தௌபீக் செய்வானாக! ஆமீன்.