இரண்டு லைன் இருந்தால் போதுமா?

ஆட்சியர் அலுவலகம், தாலுகா அலுவலகம், பேரிடர் கட்டுப்பாட்டு அறை ஆகியவற்றில் நெட்வொர்க்கைக் கவனிப்பவர்களுக்கு:

செய்ய வேண்டியவை

• கேபிள் வரும் வழியை நடந்தே போய்ப் பாருங்கள். தமிழக அரசின் டி.என்.ஸ்வான் லைன் ஒன்று, தனியார் லைன் ஒன்று என்று கணக்கில் இரண்டு இருக்கும். இரண்டு ஃபைபரும் வாசல் கேட்டுக்கு அடியில் ஒரே பைப்பில் நுழைந்தால், வடிகால் தோண்ட வந்த ஜேசிபி ஒரே இழுப்பில் இரண்டையும் அறுத்துவிடும். ஒன்று முன்வாசல் வழி வந்தால் மற்றது பின்பக்கம் வரட்டும். ஒரு நிறுவனம் இன்னொன்றின் ஃபைபரை வாடகைக்கு எடுத்துத் தருவதும் சகஜம்தான். அதனால் பாதை வரைபடத்தை எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். இழுத்தடிப்பார்கள், விடாதீர்கள்.

• மூன்றாவது வழி கேபிளை நம்பாததாக இருக்கட்டும்: விசாட் (சாட்டிலைட் இணைப்பு) அல்லது வி.எச்.எஃப். வயர்லெஸ். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லாத செல்போன் டவர் பேட்டரி தீரும்வரைதான் பேசும்.

• ரவுட்டர்கள் இரண்டையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் செருகியிருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள்.

• மாதம் ஒருமுறை, வேலை நேரத்திலேயே, பிரதான லைனைக் கழற்றிப் பாருங்கள். பேரிடர் உதவி எண்ணான 1077-க்கு அழைப்பு வருகிறதா? எத்தனை நிமிடத்தில் மாற்று வழிக்குப் போகிறது? நோட்டில் குறித்து வையுங்கள்.

செய்யக்கூடாதவை

• 'சின்ன நிலையம்தானே' என்று விட்டுவிடாதீர்கள். 2018 நவம்பர் 24 அன்று சியோலில் கே.டி. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அஹியோன் நிலையத்தில் கேபிள் சுரங்கம் எரிந்தது. தரவரிசையில் கடைசியான 'டி' வகை என்பதால் அதற்கு மாற்றுப் பாதையே அப்போது கட்டாயமாக இருக்கவில்லை. அந்தப் பகுதியில் போன், இணையம், கார்டு பணப்பரிமாற்றம் எல்லாம் முடங்கின.

• பழுது பார்ப்பவரின் போன் அதே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. கனடாவின் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் நெட்வொர்க் 2022 ஜூலை 8 அன்று விழுந்தபோது அதன் சொந்த ஊழியர்களே ஒருவரையொருவர் அழைக்கத் திண்டாடினார்கள். வேறு நிறுவன சிம் ஒன்று கையில் இருக்கட்டும்.

• சாட்டிலைட் போனை அலமாரியில் பூட்டிச் சாவியை ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள்.

• சிசிடிவி காட்சிகளை மாற்று லைனில் ஓட விடாதீர்கள். குறுகிய வழியில் முதலில் குரல், பிறகு செய்தி, மற்றதெல்லாம் அப்புறம்.

• தொடர்பு எண்களைக் கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். முதல் சோதனையைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.