கபாராக் காட்டில் ஓர் அவதானிப்பாளர்

கொரில்லா என்றதும் நெஞ்சில் அறைந்தபடி மனிதன்மேல் பாயும் மூர்க்க விலங்கே நம் கண்முன் வருகிறது. அந்தச் சித்திரத்தைத் தந்தவர்கள், துப்பாக்கியுடன் காட்டுக்குள் சென்ற வேட்டைக்காரர்கள். துப்பாக்கியின்றிச் சென்ற ஒருவர் கண்டதோ வேறு.

ஜோர்ஜ் ஷாலர் என்ற இளம் விலங்கியலாளர் 1959இல் அன்றைய பெல்ஜியக் கொங்கோவின் விருங்கா எரிமலைத் தொடருக்குச் சென்றார். சுமார் 3000 மீற்றர் உயரத்தில், கபாரா என்னும் புல்வெளியிலிருந்த சிறு மரக்குடிலில் மனைவியுடன் தங்கினார். மழையும் மூடுபனியும் குளிரும் நிறைந்த இடம் அது. சில இரவுகளில் கொரில்லாக் கூட்டத்தின் அருகிலேயே உறங்கினார்.

அவரது அவதானிப்பு முறையில் நாம் கற்கவேண்டியவை மூன்று.

முதலாவது, அவர் பெரும்பாலும் ஒளிந்திருந்து பார்க்கவில்லை. கொரில்லாக்கள் தன்னைக் காணும்படி மெதுவாக, தனியாக நெருங்கி அமர்ந்தார். உற்று நோக்குவது அவற்றுக்கு மிரட்டல் என்பதால் பார்வையை விலக்கிக் கொண்டார். நாளடைவில் அவை அவரைப் பொருட்படுத்தாது மேய்ந்தன.

இரண்டாவது, தடயங்களை வாசித்தார். கொரில்லாக்கள் ஒவ்வொரு மாலையும் செடிகொடிகளை வளைத்துப் புதிய படுக்கை அமைக்கும். சிறு குட்டிகள் தாயுடன் உறங்கும். ஆகவே படுக்கைகளையும் அவற்றிலுள்ள எச்சங்களையும் ஆராய்ந்தால் கூட்டத்தின் அளவை அறியலாம்.

மூன்றாவது, முகங்களைப் பழகினார். மூக்கின் வடிவத்தைக் கொண்டு ஒவ்வொன்றையும் வேறுபடுத்தி அறிந்தார்.

இவ்வாறு பார்த்தபோது உண்மை புலப்பட்டது. அவை காட்டுச் செலரி, முட்செடி, காஞ்சோன்றி போன்ற தாவரங்களை உண்டு அமைதியாக வாழ்வன. நெஞ்சில் அறைவது பெரும்பாலும் எச்சரிக்கையே. பாய்ந்து வருவதும் அநேகமாக இடைவழியில் நின்றுவிடும். இதனைத் தாக்குதல் எனக் கருதிச் சுட்ட வேட்டைக்காரருக்கு, அது நின்றுவிடும் என்று அறிய வாய்ப்பே இருக்கவில்லை.

படுக்கைகளை எண்ணும் முறை பின்னைய கணக்கெடுப்புகளுக்கும் உதவியது. விருங்காவில் 1981இல் 254 கொரில்லாக்களே இருந்தன. 2015–2016 கணக்கெடுப்பில் 604 ஆகின. யுத்தத்தின் நடுவிலும் அவற்றைக் காத்த வனக் காவலர்கள் பலர் உயிரையே இழந்துள்ளனர்.

உயிரியல் கற்கும் நாம் ஒன்றை மனங்கொள்வோம். கண்டதையும் கண்டதற்கு நாம் கொடுக்கும் பொருளையும் வேறுவேறாக எழுதிவைக்க வேண்டும். நெஞ்சில் அறைந்தது என்பது அவதானிப்பு. கொல்ல வருகிறது என்பது வெறும் ஊகம். அந்த ஊகமே எத்தனையோ கொரில்லாக்களின் உயிரைப் பறித்தது.