வீட்டு வாசலில் ஒரு புங்கமரம்



வகுப்பில் நைட்ரஜன் சுழற்சி நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், ஆல்டர் என்னும் மரம் தன் வேரிலேயே உரம் தயாரித்துக்கொள்ளுமாமே, அதை மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் வளர்க்கலாமா?" என்று கேட்டாள். வளராது என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆல்டர் குளிர்ச்சியையும் ஈரத்தையும் விரும்பும் மரம். நம் நாட்டில் இமயமலைச் சாரலிலும் வடகிழக்கு மலைகளிலும் உண்டு. நாகாலாந்தில் கோனோமா என்னும் ஊரில் அதை வயல்களின் நடுவிலேயே வளர்க்கிறார்கள். வேரோடு வெட்டாமல் மேற்பகுதியை மட்டும் தறித்துவிட்டு, அடியில் பயிர் செய்கிறார்கள். நிலம் ஓய்வெடுக்கும் ஆண்டுகளில் மரம் மீண்டும் தழைக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடிகளால் அதை நேரே உண்ண முடியாது அல்லவா? ஆல்டரின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் அதைச் செடி ஏற்கும் உணவாக மாற்றித் தருகிறது. நம் கடற்கரைச் சவுக்கின் வேரிலும் பிராங்கியா உண்டு. ஆனால் சவுக்கு வெளியிலிருந்து வந்த மரம். வீட்டு வாசலுக்கு நிழலும் போதாது.

நம் மண்ணுக்கே உரிய மரம் ஒன்று இதே வேலையைச் செய்கிறது. அதுதான் புங்கம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் வேர் முடிச்சுகளில் இருப்பது ரைசோபியம். ஆற்றங்கரையிலும் கடலோரத்திலும் தானே வளர்வதால் உப்புக் காற்றையும் சில நாள் தேங்கும் நீரையும் தாங்கும். அடையாற்றின் மணலுக்கும், 1920களில் ஏரியை வற்றச் செய்து எழுப்பிய தியாகராய நகரின் மண்ணுக்கும் இது ஏற்றது. சங்கப் புலவர்கள் இதைப் புன்கு என்றனர். மணலில் உதிர்ந்த பூக்களைச் சிதறிய நெற்பொரிக்கு ஒப்பிட்டனர். சித்திரையில் ஒரு காலை எழுந்து பார்த்தால் எத்தனை பொருத்தம் என்று தெரியும்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். எங்கள் வீட்டு வாசலில் முதலில் வைத்தது, செந்நிறப் பூவுக்கு ஆசைப்பட்டு, மடகாஸ்கரிலிருந்து வந்த மயிற்கொன்றை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியபோது அது வேரோடு சாய்ந்து மதிற்சுவரையும் உடைத்தது. எதிர்வீட்டுப் புங்கமரமோ சில கிளைகளை மட்டும் இழந்து நின்றது. மறு ஆண்டு நானும் ஒரு புங்கங்கன்றை நட்டேன்.

வளர்ப்பது எளிது. முற்றிப் பழுப்பான காய்களைப் பொறுக்குங்கள். அவை தாமே வெடிக்கா. கல்லால் மெல்லத் தட்டி விதையை எடுக்க வேண்டும். ஓர் இரவு நீரில் ஊறவைத்து விதைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். தொட்டி மண்ணோடு பெரிய புங்கமரத்தடி மண் ஒரு கைப்பிடி சேருங்கள். அந்த மண்ணோடு ரைசோபியமும் வந்து சேரும். இரண்டடி வளர்ந்ததும், ஐப்பசி மழை தொடங்கும் வேளையில், சுவரிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் பத்தடியாவது தள்ளி நடுங்கள். மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். விதை கசப்பும் நச்சும் உடையது. தம்பி தங்கையர் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உபரியாக முளைத்த நாற்று ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். சிறு மணிகள் தெரியும். ஒன்றைப் பிளேடால் வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள்.

இனிப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். புங்கமரத்தை வெட்டச் சொல்கிறவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, இலையில் கொப்புளம் கொப்புளமாக வரும் 'நோய்'. அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வகை ஒன்றின் வேலை. பார்க்க அழகில்லை, மரம் சாகாது. மற்றொன்று, மாசியில் கொட்டும் இலை. எங்கள் வீட்டில் பெருக்கும் அம்மா இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டதுண்டு. ஆனால் சில வாரங்களிலேயே செம்பு நிறத் தளிர் விட்டு, கோடை முற்றும் முன் முழு நிழல் வந்துவிடும். மேலும், வேர் சேர்த்த நைட்ரஜனில் ஒரு பங்கு அந்த இலையில்தான் இருக்கிறது. அதைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டுக் கடையில் உரம் வாங்குவது என்ன கணக்கோ! நாங்கள் இப்போது மரத்தடியிலேயே குவித்து ஈரமாக்கி வைக்கிறோம். மட்கியது பக்கத்துச் செம்பருத்திக்கும் போகிறது. அது முன்னைவிட நன்றாகப் பூக்கிறது. பெருக்கும் அம்மாவும் அதைக் கண்டு சமாதானமாகிவிட்டார்.

என் மரத்துக் காய்களை ஒரு துணிப்பையில் கட்டி ஆய்வுக்கூட அலமாரியில் வைத்திருக்கிறேன். கேள்வி கேட்ட மாணவி இரண்டு வாங்கிப் போய்விட்டாள். மற்றவர்கள் கோடை விடுமுறைக்கு முன் வந்து கேளுங்கள். அதிக நாள் போனால் விதையின் முளைப்புத்திறன் குறைந்துவிடும்.