தனித்து வாழ்வோரும் மறதியும்

முதுமையில் வரும் மறதியைப் பற்றிப் பேச நாம் தயங்குகிறோம். தனித்து வாழ்பவரோ இன்னும் அதிகமாகத் தயங்குகிறார். செய்தி வெளியே தெரிந்தால் பிள்ளைகள் வீட்டைப் பூட்டித் தம்மை அழைத்துச் சென்றுவிடுவர் என்னும் அச்சமே காரணம். உதவி கேட்பதற்குரிய காலம் அவ்வச்சத்திலேயே கழிந்துவிடுகிறது. நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் அறிவாற்றல் தேயும் மறதிநோய் உள்ளதாக 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இதில் நாணுதற்கு ஏதுமில்லை.

வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் ஒருவர் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டால், ஜினாலயத்துக்கு வருவோரில் ஒருவரேனும் கவனிப்பார். பணியின் பொருட்டுச் சென்று தென்காசியிலோ குற்றாலத்திலோ தங்கிவிட்ட முதியவருக்கு அவ்வாய்ப்பு அரிது. சாரல் காலத்தில் குற்றாலத்துத் தெருக்கள் வெளியூராரால் நிறைந்துவிடும். அக்கூட்டத்தில் வழி தெரியாது நிற்பவரும் அருவிக்கு வந்த பயணியாகவே தோன்றுவார்.

நம்மவர்க்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. அஷ்டமி, சதுர்த்தசியில் உபவாசம். மற்ற நாள்களில் பொழுது சாய்வதற்கு முன் உணவு. ஆகவே அடுப்பெரியாத வீட்டைக் காணும் அண்டை வீட்டார், "விரதம் போலும்" என்று இருந்துவிடுகின்றனர். உணவைத் துறந்தவர்க்கும் மறந்தவர்க்கும் வேறுபாடு வெளியே தெரிவதில்லை. விரத நாள்களைக் குறித்து அண்டை வீட்டாரிடம் கொடுத்து வைத்தல் நலம். மற்ற நாளில் அடுப்பெரியாவிடில் அவர் கதவைத் தட்டட்டும்.

மறதி அனைத்தும் தீராத நோயன்று. தைராய்டுக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். புலால் உண்ணாத நாம் சிறப்பாகக் கருத வேண்டியது வைட்டமின் பி12 குறைபாடு. இது தாவர உணவில் இயல்பாக இல்லை. பால், தயிரில் ஓரளவு உண்டு. முதுமையில் உடல் அதனை ஏற்பதும் குறைகிறது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உண்போர்க்கு இன்னும் குறையலாம். பாதம் மரத்துப்போதலும் மறதியும் சேர்ந்து வந்தால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது. ஊசியாலோ மாத்திரையாலோ இக்குறையை ஈடு செய்யலாம். காலம் தாழ்ந்தால் முழுமையாக மீளாமலும் போகலாம். (கேப்சூல் உறை பெரும்பாலும் விலங்குப் பொருளான ஜெலட்டினால் ஆனது, மாத்திரையாகக் கேட்டுப் பெறுக.)

தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனைக்குச் செல்வோர், "உடம்பு சரியில்லை" என்று பொதுவாகக் கூறாமல், மறந்தவை யாவை, எப்போதிலிருந்து என எழுதி எடுத்துச் செல்க. முதியோருக்கான உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும் பெண்களிடமும் மறதியைக் கூறலாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, சிகிச்சை குறித்த முடிவுகளில் தமக்குத் துணைநிற்க ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு நியமிக்கலாம். தெளிவு உள்ளபோதே அதைச் செய்தல் வேண்டும்.

அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வையாவிருத்தியத்தை நம் ஆசாரியர்கள் வைத்தனர். பணிவிடை பெற ஒருவர் இசைந்தாலன்றி அத்தவம் எவர்க்கும் கைகூடாது. தொலைவிலுள்ள உறவினர் நாள்தோறும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் அழைக்கலாம். "நலமா?" என்றால், "நலம்" என்றே விடை வரும். "இன்று என்ன சமைத்தீர்கள்?" என்று கேட்பதே பயன் தரும்.