கண்டல் சேறு காக்கும் செல்வம்

களப்புக் கரையில் நிற்கும் கண்டல் மரம் விறகுக்கே உதவும் என்று எண்ணுவோர் உண்டு. அதன் அடியிலுள்ள கருஞ்சேற்றைச் சற்று நோக்குவோம்.

கண்டல் இலை காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து உணவாக்குகிறது. பழுத்து விழும் இலையை நண்டுகள் துண்டாக்குகின்றன. பற்றீரியாவும் பங்கசும் அதனை உக்கச் செய்கின்றன. அப்போது விடுபடும் நைதரசனும் பொசுபரசும் மீண்டும் வேருக்கு உரமாகின்றன. உக்கிய இலைத்துகளில் ஒரு பகுதி வற்றும் நீரோடு களப்பை அடைந்து, இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் இரையாகிறது.

ஆனால், எல்லாமே உக்கிவிடுவதில்லை. நீர் தோய்ந்த சேற்றில் ஒட்சிசன் மிகக் குறைவு. ஆகையால் இலையிலும் வேரிலும் உள்ள காபன் பல நூற்றாண்டுகள் புதைந்து கிடக்கக்கூடும்.

மரத்தை வெட்டிச் சேற்றைத் தோண்டினால் என்ன நிகழும்? காற்றுப்பட்ட சேறு விரைவாக உக்கும். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த காபன், காபனீரொட்சைட்டாக வெளியேறிப் பூமியின் வெப்பத்தைக் கூட்டும்.

புத்தளக் கரையோரத்தில் 1980ஆம் ஆண்டுகளிலிருந்து இறால் வளர்ப்புக் குளங்கள் பெருகின. அவற்றுக்காகக் கண்டல்களும் அழிக்கப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. பின்னர் பல குளங்கள் கைவிடப்பட்டன. மரமும் போயிற்று, வருவாயும் போயிற்று.

மீண்டும் நட்டால் போதுமா? 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நம் நாட்டில் நடப்பட்ட கண்டல் கன்றுகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டமை அதற்கு ஒரு முக்கிய காரணம். எனவே, நீர் வந்து வற்றும் வழியை முதலில் திறக்க வேண்டும். கன்று நடுவது அதன் பின்னரே. அதனிலும் மேலானது, இருக்கும் கண்டலை வெட்டாது விடுவது.