டமாலி பை: சிக்கனம் பற்றி ஒரு பாடம்

கையிருப்புக் குறைந்த நாளில், வீட்டில் உள்ள பண்டங்களைக் கொண்டே குடும்பத்தார் யாவருக்கும் வயிறார உணவு ஆக்குவது எப்படி? இக்கேள்வி எந்நாட்டு இல்லத்திலும் எழுவது. அமெரிக்கக் குடும்பங்கள் இதற்குக் கண்ட விடைகளுள் ஒன்று ‘டமாலி பை’ என்னும் உணவு. அங்கத்தினர்கள் அறியத்தக்க பாடம் ஒன்று அதனுள் அடங்கியிருப்பதால், இம்மாதம் அதனை ஆராய்வோம்.

பிறப்பு

டமாலி என்பது மெக்ஸிகோ நாட்டின் பழமையான உணவு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துக் கழுவி அரைப்பர். அம்மாவினுள் கறியை வைத்து, சோளக்கதிரின் மடலில் பொதிந்து ஆவியில் அவிப்பர். இதில் கைவேலை மிகுதி. அமெரிக்க இல்லத்தரசிகள் பொதியும் வேலையை விடுத்தனர். கடையில் விற்கும் சோள மாவைக் களியாகக் கிண்டி, கறியோடு அடுக்கிச் சுட்டனர். அதுவே டமாலி பை.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் அமைந்த உணவு நிர்வாகம், கோதுமையையும் இறைச்சியையும் மிச்சப்படுத்துமாறு மக்களை வேண்டிற்று. கோதுமையே வேண்டாத, சிறிது இறைச்சியே பலருக்குப் போதுமான இவ்வுணவு அந்நாளுக்கு மிகவும் பொருந்தியதாயிற்று.

செய்முறை

ஆறு பேருக்கு வேண்டுவன: சோள மாவு 1 கோப்பை, ராஜ்மா 1 கோப்பை, தக்காளி 4, வெங்காயம் 2, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள், சீரகத்தூள், உப்பு. கொத்திய இறைச்சி கால் கிலோ இருப்பின் நன்று; இல்லையேல் ராஜ்மாவைச் சற்றுக் கூட்டிக்கொள்க.

ராஜ்மாவை இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் பத்து நிமிஷமேனும் நன்றாகக் கொதிக்கவிட்டு, பின் குழைய வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். தக்காளியின் புளிப்பு சேர்ந்தபின் அது எளிதில் வேகாது. ஆகையால் முன்னரே வேகவைத்தல் அவசியம்.

வெங்காயத்தை வதக்கி, இறைச்சி, தக்காளி, பொடிகள், உப்பு, வெந்த ராஜ்மா இவற்றை முறையே சேர்த்துக் கெட்டியாகும்வரை கொதிக்கவிடுக. சோள மாவை முதலில் ஒரு கோப்பைக் குளிர்நீரில் கரைத்து, கொதிக்கும் மூன்று கோப்பை உப்புநீரில் ஊற்றிக் கிளறினால் கட்டி விழாது. களியில் பாதியை எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, மேலே கறியை இட்டு, மீதிக் களியால் மூடி, ஓவனில் 180 டிகிரி செல்ஷியஸில் அரைமணிக்கு மேல் வைக்க, மேற்புறம் சிவந்து வரும். ஓவன் இல்லாதோர் கனத்த பாத்திரத்தில் மூடி, இளந்தீயில் வைக்கலாம்.

மலிவும் சிக்கனமும்

இனி, பாடத்தின் மையத்திற்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் ‘பெல்லக்ரா’ என்னும் நோய் பலரை வாட்டிற்று. தோல் வெடித்து, வயிறு கெட்டு, சித்தமும் கலங்கும். தென் கரோலினாவின் பருத்தி ஆலைக் கிராமங்களில் ஆராய்ந்த டாக்டர் ஜோசப் கோல்ட்பர்கர், இது தொற்றுநோயன்று, உணவுக் குறைவால் வருவதே என நிலைநாட்டினார். நெசவாலைத் தொழிலாளர் மலிவான சோள மாவையும் கொழுப்பையும் வெல்லப்பாகையுமே பெரும்பாலும் உண்டு வந்தனர். மக்காச்சோளத்திலுள்ள நியாசின் என்னும் சத்து, சுண்ணாம்பு நீரில் வேகவைத்தாலன்றி உடலில் எளிதில் சேராது. மெக்ஸிகோ மக்களின் பழைய வழக்கம் அவர்களைக் காத்தது. கடை மாவிலோ அம்முறை இல்லை.

டமாலி பையும் கடை மாவினால் ஆவதே. ஆயினும் அதன் நடுவிலுள்ள பயறும் இறைச்சியும் நியாசினைத் தருவதோடு, சோளத்தின் புரதக் குறையையும் நிரப்புகின்றன. மேலே மூடிய களி வயிற்றை நிரப்ப, உள்ளே வைத்த கறி உடலைக் காக்கிறது.

ஆகவே, விலை குறைந்த ஒன்றையே நாள்தோறும் உண்பது சிக்கனமாகாது. விலை குறைந்த பலவற்றை ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்குமாறு சேர்ப்பதே சிக்கனம். கூட்டுறவில் பழகிய நமக்கு இவ்வுண்மை புதிதன்று. நம் அடுக்களையிலும் அதனைக் கைக்கொள்வோமாக.