டிரைவர் வைக்கும்போது: லைசென்ஸைப் பாருங்கள், ஆளைத் துருவாதீர்கள்

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணியில் ஆக்டிங் டிரைவருக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். மலைக்கோயிலுக்கு வரும் உறவினரை ஏற்றி இறக்கவும், அப்படியே திருப்பதி போய்வரவும் யாரோ சொல்லி யாரோ வருவார். அவரிடம் லைசென்ஸ் கேட்கவே சிலருக்குக் கூச்சம். வேறு சிலர் ஆதார், பான், பாஸ்புக் என்று அத்தனையையும் வாங்கி போனில் வைத்துக்கொள்கிறார்கள். முதலாவது நம் உயிருக்கு ஆபத்து, இரண்டாவது அவருக்கு ஆபத்து.

1. அசல் லைசென்ஸைக் கையில் வாங்கிப் பாருங்கள். எண்ணின் முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு இலக்கம் ஆர்.டி.ஓ. அலுவலகம். டிஎன்-20 என்றால் திருவள்ளூர், ஏபி-03 என்றால் சித்தூர். நகரி, புத்தூர் பக்கத்து டிரைவர்கள் நம் ஊரில் நிறைய ஓட்டுகிறார்கள். ஆந்திர லைசென்ஸ் என்று தயங்க வேண்டாம், அது இந்தியா முழுக்கச் செல்லும். லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 180-ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கே 5,000 ரூபாய் அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

2. பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "வேலையில் இருக்கும்வரை என்னிடம் இருக்கட்டும்" என்று அசலை அடகு போல வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். வழியில் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டியவர் அவர்தான்.

3. பரிவாஹன் தளத்தில் லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் அது செல்லுபடியாகிறதா, எந்த வகை வண்டிக்கு, எதுவரை என்பதெல்லாம் தெரியும். இதை அவர் முதுகுக்குப் பின்னால் செய்ய வேண்டாம். "உங்கள் போனிலேயே திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹனிலோ இருக்கும் லைசென்ஸ் சட்டப்படி அசலுக்குச் சமம்.

4. காலாவதி தேதியைக் கவனியுங்கள். முன்பு தேதி முடிந்தாலும் 30 நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அது போய்விட்டது. புதுப்பிக்காமல் ஓராண்டு தாண்டினால் மறுபடியும் டெஸ்ட் கொடுக்க வேண்டும்.

5. பேட்ஜ் இல்லையே என்று நல்ல டிரைவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குக் குறைந்த வாடகை வண்டியை, இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ல் தீர்ப்பளித்தது. பஸ்ஸுக்கும் பெரிய லாரிக்கும் இது பொருந்தாது.

6. சலான் பட்டியலை வைத்து ஆளை எடைபோடும்போது நிதானம் வேண்டும். இங்கே கேமராவில் விழும் சலான் வண்டி எண்ணுக்குத்தான் போகிறது. அன்று ஸ்டியரிங்கில் யார் இருந்தார் என்று அது சொல்லாது. ஒரே காரை நான்கு பேர் ஓட்டும் டிராவல்ஸில் ஒருவர் செய்த தப்புக்கு இன்னொருவர் பேர் கெடும். அதே சமயம், பள்ளி வேனுக்கு ஆள் எடுப்பவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டெல்லி பள்ளிப் பேருந்துகள் பற்றி 1997-ல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது: சிக்னல் மீறல் போன்றவற்றுக்கு ஓராண்டில் இரண்டு முறைக்கு மேல் சலான் வாங்கியவரும், அதிவேகம், குடிபோதை, ஆபத்தாக ஓட்டியது ஆகியவற்றுக்கு ஒருமுறையேனும் வழக்கில் சிக்கியவரும் ஓட்டக் கூடாது. உங்கள் குழந்தையின் வேன் டிரைவரைப் பற்றிப் பள்ளியில் இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.

7. நீங்கள் சரிபார்த்த தேதியை ஒரு டைரியில் எழுதி, கொஞ்ச தூரம் ஓட்டவிட்டும் பாருங்கள். மலைப்பாதையில் கியரை எப்படி மாற்றுகிறார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். லைசென்ஸையும் ஓட்டும் திறமையையும் பார்த்து வேலைக்கு வைத்தவர், ஆர்.டி.ஓ. அலுவலகம்வரை போய் விசாரித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எதையுமே பார்க்காதவர் கதை வேறு. இன்ஷூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலிக்க வழி இருக்கிறது.

8. டிரைவர் வேலைக்கு முழு ஆதார் நகல் எதற்கு? முகவரிதான் வேண்டுமென்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை அவரே இறக்கிக் கொடுக்கலாம். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரிண்ட் எடுத்தால், அந்தக் கணினியிலும் போனிலும் அழித்துவிட்டார்களா என்று நின்று பாருங்கள். டிரைவர் தரும் நகலில் "இன்னார் வீட்டு டிரைவர் வேலைக்கு மட்டும்" என்று தேதியோடு குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

9. வண்டியில் ஜி.பி.எஸ். வைத்தால் சொல்லிவிட்டு வையுங்கள். அவருடைய சொந்த போனில் லொகேஷன் போடச் சொல்லியிருந்தால், வேலை முடிந்து சாவியைத் திருப்பிக் கொடுத்ததும் அணைத்துவிடச் சொல்லுங்கள். டியூட்டி முடிந்த பிறகு அவர் எங்கே போகிறார் என்பது நம் விஷயமல்ல.

10. டிரைவர் அண்ணன்மார்களுக்கு: உங்கள் விவரத்துக்கு விலை உண்டு. 2019-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வாகன, லைசென்ஸ் விவரங்களை மொத்தமாக நிறுவனங்களுக்கு விற்கக் கொள்கை வகுத்தது. அந்தரங்கம் பறிபோகிறது என்ற எதிர்ப்புக்குப் பிறகு 2020-ல் அதைக் கைவிட்டது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான தேவைக்கு முதலாளி உங்கள் விவரத்தைச் சம்மதம் இல்லாமலும் பயன்படுத்த இடம் தருகிறது. அதைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பும் அவருடையதே. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, படிப்படியாக அமலாகின்றன. ஆனால் சொந்த வீட்டுத் தேவைக்கு ஆள் வைக்கும் தனிநபரை அந்தச் சட்டம் தொடாது. அங்கே உங்கள் விவரத்துக்கான பாதுகாப்பை நீங்களே வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

11. சலான் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஆப் ஃபைல் வந்தால் திறக்காதீர்கள். பணத்தைத் திருடும் கும்பலின் வேலை அது. உண்மையான தளத்தின் முகவரி "டாட் ஜிஓவி டாட் இன்" என்று முடியும்.

12. டிரைவர் வேலையை விட்டு நிற்கும்போது நகல்களைத் திருப்பிக் கொடுத்து, போனில் உள்ள படங்களை அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள். கூடவே ஒரு கடிதமும் கொடுங்கள். எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எந்த வண்டி, விபத்து உண்டா இல்லையா, இவ்வளவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அடுத்த முதலாளிக்கு அதுவே போதும்.